ரூம் குரல்: கீழக்கரையிலிருந்து பாம்பன் வரை

இதை எழுதும் இந்தக் காலை வரை உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: கீழக்கரையைச் சேர்ந்த செய்யது இப்ராஹிம் நேற்று மாலை தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கவாதம் தாக்கிய பிறகு இரண்டு வருடங்களாக அவருக்குப் பேச்சு இல்லை. இப்போதும் தொண்டை அசையவில்லை. அவர் கண்ணை உயர்த்தி ஒவ்வொரு எழுத்தாகத் தேர்ந்தெடுக்க, எதிரே இருந்த டேப்லெட் அதைச் சேர்த்து அவருடைய பழைய குரலில் சொல்லியிருக்கிறது. எனக்குத் தகவல் சொன்னவர் மகள் நஸ்ரின். அருகில் இருந்த பேச்சுப் பயிற்சியாளர் ஜெனிட்டாவிடமும் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் தலைக்குள் எந்தச் சிப்பும் வைக்கப்படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிப்பைப் பற்றிய ஒரு கேள்விதான் என்னை அந்தக் கரைக்கு அழைத்துப் போனது.

பயணம் தை மாதக் கடைசியில், இரண்டு இரவும் மூன்று பகலும். மூளைக்குள் பொருத்தும் மின்முனைகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதியதைப் படித்துவிட்டு நஸ்ரின் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருக்கு நோன்புப் பெருநாள் கழிந்து நிக்காஹ். அவர்கள் வழக்கப்படி பெண்ணின் தந்தை மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, ‘என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்’ என்று சபையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தந்தையால் முடியாதபோது அவர் சார்பில் வேறொருவர் சொல்லலாம். நஸ்ரினின் கேள்வி ஒரே வரிதான். சிப் வைத்தால் அதற்குள் வாப்பா பேசிவிடுவாரா?

முடியாது என்று பதில் எழுதினேன். மறுநாள் அவருடைய தாய் ருகையா பீவி போனில் வந்தார்.

“முடியாதுன்னு எழுதுறது லேசும்மா. இங்கன வந்து அவுக மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

நியாயமாகப் பட்டது. கிளம்பினேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஐந்தரை மணிப் பேருந்து. இராமநாதபுரம் ஏறக்குறைய நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தியதையும் சேர்த்து எட்டேகாலுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் காலை வெயில் முழுவதும் முகத்தில்தான் விழும். வலது பக்க இருக்கையைப் பிடியுங்கள்.

பேருந்து நிலையத்துக்கு வெளியே ஜெனிட்டா காத்திருந்தார். பாம்பனில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், முப்பது வயதுக்குள் இருக்கும். காது கேளாத குழந்தைகளுக்கும் பக்கவாத நோயாளிகளுக்கும் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறார். வாரம் ஒரு நாள் கீழக்கரை. அவரை அழைத்துப் போகும் வாடகைக் கார் முனியசாமியுடையது. உத்தரகோசமங்கைக்காரர். கீழக்கரைக்குப் பதினேழு கிலோமீட்டர்; காத்திருந்து திரும்பக் கூட்டி வர ஆயிரத்து நானூறு ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

“மேடம் மூளைக்குள்ள மெஷின் வைக்கிறதப் பத்தி எழுதுறவுகளாம்ல” என்று ஜெனிட்டாவிடம் கேட்டார்.

“உங்க வீட்லயே ஒண்ணு இருக்குல்ல அண்ணே, அதச் சொல்லுங்க.”

முனியசாமியின் மகள் பிறவியிலேயே காது கேளாதவள். குழந்தையாக இருந்தபோதே அரசுக் காப்பீட்டில் காதுக்குள் மின்முனை பொருத்தினார்கள். காதின் பின்னால் ஒரு சிறு கருவி. அதிலிருந்து வரும் வட்ட வில்லை காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். வெளியே வரும் ஓசையை மின்துடிப்பாக்கி உள்ளே அனுப்ப, நத்தை வடிவ உட்காதில் சுருட்டி வைத்த மெல்லிய கம்பி நேராகச் செவி நரம்பைத் தூண்டும்.

“இப்ப மூணாப்புப் படிக்கிறா. வாய் ஓயாது. ஆனா ஒண்ணு மேடம், படின்னு ஏசுனா பொசுக்குனு அந்த வில்லையக் கழட்டிக் கையில வச்சுக்குவா. நான் பாட்டுக்குக் கத்திக்கிட்டு நிப்பேன். அவ சிரிச்சுக்கிட்டு நிப்பா.”

“எனக்கும் அந்த வசதி வேணும்” என்றார் ஜெனிட்டா.

காது வழியாக உள்ளே அனுப்பும் இந்த வகை இன்று பழகிய சிகிச்சை. எதிர்த்திசையில், மூளையில் எழுவதை வெளியே எடுப்பதுதான் கடினம். திருப்புல்லாணியைத் தாண்டும்போது ஜெனிட்டா அதை விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. அவர் பாம்பன் மீன் ஏலக்கூடத்தை எடுத்துக்கொண்டார்.

“நூத்துக்கணக்குல ஆளுக ஒரே நேரத்துல கத்துறாகன்னு வைங்க. ரோட்டுல நின்னா ஒரே இரைச்சல். தலைக்கு மேல தொப்பி மாதிரி மாட்டிப் பாக்குற கருவிக்கு அப்படித்தான் கேக்கும், இடையில மண்டையோடு சுவரா நிக்கிதுல்ல. கூடத்துக் கூரையில மைக்கக் கட்டுனா இன்னும் தெளிவு. மூளைமேல ஒரு மெல்லிசுத் தகடு விரிக்கிறது அந்த மாதிரி. கூட்டத்துக்குள்ளயே மைக்கோட எறங்குனா, யாரு எறாலுக்குக் கத்துறா, யாரு நண்டுக்குக் கத்துறான்னு பிரிச்சுச் சொல்லிரலாம். அது ஊசி மாதிரி உள்ள எறங்குற மின்முனை.”

“அப்ப கழுத்து ரத்தக்குழாய் வழியா வைக்கிறாங்களே, அது?”

“அது கூடத்த ஒட்டுன சந்து. கதவ ஒடைக்காமப் போயிரலாம். கேக்குறது கொஞ்சம் கம்மி.”

இதற்கு மேல் நான் சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். மூளையில் அசைவை ஏவும் பகுதி இருக்கிறது. கையைத் தூக்க நினைத்து முயலும்போதும், உதட்டை அசைக்க முயலும்போதும் அங்குள்ள நரம்பணுக்கள் தமக்கே உரிய ஒழுங்கில் துடிக்கின்றன. மின்முனை அந்தத் துடிப்பைப் பிடிக்கிறது. ஒரு சிறு பெட்டி அதைப் பெருக்கிக் கணினிக்கு அனுப்புகிறது. ‘இந்த ஒழுங்கில் துடித்தால் இந்த ஒலிக்கு முயல்கிறார்’ என்று கணினி பழகிக்கொள்கிறது. அதற்கு நோயாளியும் பல வாரம் உட்கார்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும். மனத்துக்குள் ஓடுவதையெல்லாம் அது படித்துவிடாது. அவர் சொல்ல முயல்வதைத்தான் பிடிக்கும். இப்படிக் கைகால் வராதவர்கள் திரையில் அம்புக்குறியை நகர்த்தியிருக்கிறார்கள், செயற்கைக் கையால் கோப்பையைத் தூக்கியிருக்கிறார்கள், பேச்சிழந்தவர்கள் வாக்கியங்களைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் ஆய்வு நிலையில், உலகெங்கும் மிகச் சிலரிடம். நான் படித்த பேச்சு ஆய்வுகள் எதிலும் தமிழ் இல்லை.

கீழக்கரைத் தெருக்கள் குறுகல். காரை முக்கில் விட்டுவிட்டு நடந்தோம். ஒன்பதேகால் மணி.

செய்யது இப்ராஹிம் ஜன்னலோரக் கட்டிலில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயது. ஜித்தாவில் கட்டட வேலையிடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர், விடுப்பில் வந்திருந்தபோது மூளைத்தண்டில் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. மூளையின் மேல்பகுதி பழுதில்லை. கேட்கிறார், நினைக்கிறார், எல்லாம் புரிகிறது. உடலுக்குப் போகும் வழிதான் துண்டிக்கப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது கண்ணை மேலும் கீழும் அசைப்பதும் இமைப்பதும் மட்டும். மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை.

ருகையா பீவி இடியாப்பமும் மீன் ஆணமும் வைத்துவிட்டு, நான் கை கழுவும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

“இப்பச் சொல்லுங்க, அவுக மூஞ்சியப் பாத்து.”

சொன்னேன். மண்டையோட்டைத் திறக்க வேண்டியிருக்கலாம், கிருமித் தொற்றும் ரத்தக் கசிவும் வரலாம், மின்முனையைச் சுற்றித் தழும்பு கட்டிச் சமிக்ஞை காலப்போக்கில் மங்கலாம், எல்லாவற்றுக்கும் மேல் கடையில் கேட்டு வாங்குகிற நிலைக்கு அது இன்னும் வரவில்லை. நிக்காஹுக்குள் நடக்காது. செய்யது இப்ராஹிம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் கண்ணை மேலே தூக்கினார்.

“புரிஞ்சிச்சுங்கறாக” என்றார் நஸ்ரின். “வாப்பாக்கு ஏற்கனவே தெரியும் அக்கா. வீடியோ எல்லாம் பாத்துட்டாக. உம்மாக்குத்தான் நம்பிக்கை விடல.”

“தலைக்குள்ள வைக்கிறது ஆபத்துதானா அப்ப?” ருகையா பீவி முனியசாமியைப் பார்த்துக் கேட்டார். வாசலில் உட்கார்ந்து இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைக் கீழே வைத்தார்.

“எம் மகளுக்கு வச்சப்ப எனக்கும் அந்தப் பயம்தாம்மா. ஆனா அது ஆயிரம் பேத்துக்கு வச்சுப் பாத்தது. அய்யாவுக்கு உள்ளது இன்னும் வெள்ளோட்டம். வெள்ளோட்டத்துல மொத ஆளா ஏத்தணுமான்னு நீங்கதான் யோசிக்கணும்.”

அடுத்து நஸ்ரின் டேப்லெட்டைக் கொண்டுவந்தார். இது ஜெனிட்டாவும் அவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு. மெய்யெழுத்துகள் திரையில் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது அவர் கண்ணை உயர்த்தினால் கேமரா பிடித்துக்கொள்ளும். பிறகு உயிர்க்குறிகள் ஒளிரும். இரண்டு பார்வையில் ஓர் எழுத்து. ஒரு சொல்லுக்குச் சில நிமிடம் ஆகிறது. அதனால் குடும்பத்தினர் பெரும்பாலும் ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளையே கேட்டுவிடுகிறார்கள். தண்ணீர் வேணுமா, ஃபேன் போடவா, சாச்சா வந்தா வரச்சொல்லவா.

எழுதியதைப் படிக்கும் குரலைத்தான் எனக்குப் போட்டுக் காட்ட விரும்பினார்கள். ஜித்தாவிலிருந்து அவர் பல வருடம் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை வைத்து, அவர் குரலிலேயே கணினி பேசும்படி ஜெனிட்டா செய்திருந்தார். நஸ்ரின் பொத்தானை அழுத்தினார்.

“என் மகள் நஸ்ரின் பானுவை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்!”

பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். எட்டாவது மாடியில் நிற்கும் ஆளைக் கீழே இருந்து கூப்பிடுகிற குரல் அது. செய்யது இப்ராஹிம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். அழுகை வந்துருது அவுகளுக்கு” என்றார் ருகையா பீவி, கண்ணைத் துடைத்தபடி.

அந்த நேரத்தில் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத் வந்தார். நஸ்ரின்தான் வரச் சொல்லியிருந்தார். நிதானமாக உட்கார்ந்து, குரலை அவரும் ஒருமுறை கேட்டார், லேசாகப் பின்வாங்கினார்.

“பேச முடியாதவுகளோட தெளிவான சைகை நிக்காஹுக்குச் செல்லும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எல்லாரும் பாக்க இவுக கண்ணத் தூக்குனாப் போதும். இல்ல, இவுக தம்பியப் பேசச் சொல்லி ஒப்படைச்சாலும் சரி. ஆனா இந்த மெஷின் பேசுறத இவுக பேசுனதா எடுக்கலாமான்னு கேட்டா, நானா ஒரு வார்த்தை சொல்லிட மாட்டேன். மார்க்கம் படிச்ச பெரியவங்ககிட்டக் கேட்டு எழுத்துல வாங்கித் தாரேன்.”

“தம்பி பேசட்டுமான்னு ஏற்கனவே கேட்டாச்சு ஹஜ்ரத். சரின்னுட்டாக” என்றார் ருகையா பீவி.

ஹஜ்ரத் போன பிறகு ஜெனிட்டா டேப்லெட்டை மறுபடி கட்டிலருகே வைத்தார்.

“உம்மா, நீங்க கேட்டது ‘தம்பி பேசட்டுமா’ன்னு. அதுக்கு ஆம்னு சொன்னாக. ‘நீங்க என்ன நெனைக்கிறீங்க’ன்னு யாராச்சும் கேட்டீகளா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. ஜெனிட்டாவே கட்டிலின் பக்கம் திரும்பினார்.

“வாப்பா, நிக்காஹ் அன்னைக்கி எப்படி நடக்கணும்? எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நீங்களே எழுதுங்க.”

எழுத்துகள் ஒளிர ஆரம்பித்தன. ‘ரூம்’ என்று வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. நஸ்ரின் முந்திக்கொண்டு ரூமுக்குப் போகணுமா வாப்பா என்றார். கண் கீழே இறங்கியது. முடிக்க விடு என்று ஜெனிட்டா சைகை செய்தார். அடுத்த சொல் ‘குரல்’.

ரூம் குரல்.

நஸ்ரினுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குச் சொன்னார். வாப்பாவின் குரல் பதிவுகள் இரண்டு வகை. பகலில் வேலையிடத்திலிருந்து அனுப்புவது மகளுக்கு: ‘ஃபீஸ் கட்டியாச்சா, ஹால் டிக்கெட் வந்துச்சா’ என்று கிரேன் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொல்வது. சத்தமாகவும் தெளிவாகவும் இருந்ததால் அவற்றைத்தான் ஜெனிட்டாவிடம் கொடுத்தார். மற்றது வேலை முடிந்து, ஆறு பேர் படுத்திருக்கும் அறையில், தூங்குகிறவர்கள் எழுந்துவிடாதபடி அடக்கிப் பேசி அனுப்புவது.

“அதெல்லாம் உம்மா போன்ல இருக்கு. உம்மா தரவே இல்ல.”

எல்லோரும் ருகையா பீவியைப் பார்த்தோம். அவர் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

“அது எனக்கு அனுப்புனது” என்றார்.

“உம்மா, நிக்காஹுக்குத்தானே.”

“அதுல வேற பேச்செல்லாம் இருக்குடி. கல்யாணம் கட்டப்போற புள்ள, ஒனக்குச் சொன்னாப் புரியணும்.”

முனியசாமி வேகமாகத் தெருப்பக்கம் போய் நின்றுகொண்டார். கட்டிலில் இருந்தவரின் மூச்சு மாறியது; இழுத்து இழுத்து வந்தது. ஒரு கணம் பயந்துவிட்டேன். “சிரிக்கிறாக” என்றார் நஸ்ரின். அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. அந்தப் பெருங்குரலைக் கேட்டபோதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டது அழுகையால் அல்ல. மகளைக் கொடுக்கும் சொல்லை அந்தச் சத்தத்தில் கேட்கப் பொறுக்கவில்லை.

ருகையா பீவி கட்டிலருகே போனார். “நான் கொடுக்கவா? உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார். கண் மேலே போய் அங்கேயே நின்றது.

ஆனால் நிபந்தனை போட்டார். நெட் வழியாக எதையும் அனுப்ப மாட்டார். போனை யார் கையிலும் தர மாட்டார். ஜெனிட்டாவின் கணினி இருக்கும் இடத்துக்கு அவரே வந்து, அவரே கேட்டு, அவரே பொறுக்கித் தருவார். பக்கவாதம் வந்த பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகாதவர். செய்யது இப்ராஹிமின் தம்பி, நஸ்ரினின் சாச்சா, ஒரு நாள் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வதாக முடிவானது.

அன்றிரவு இராமநாதபுரத்தில் தங்கினேன். பேருந்து நிலையத்துக்கு அருகே விடுதிகள் இருக்கின்றன. நான் கொடுத்தது தொள்ளாயிரம் ரூபாய். வெந்நீர் வந்தது, கொசுவும் வந்தது.

மறுநாள் முனியசாமி கீழக்கரை போய்த் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஒன்பது மணிக்கு என்னிடம் வந்தார். கீழக்கரையிலிருந்து பாம்பன் இந்த வழியில் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அன்றைய வாடகை மூவாயிரம், இராமேஸ்வரத்தில் என்னை இறக்கிவிட்டு அவர்களை வீடு சேர்ப்பது உட்பட. உச்சிப்புளியைத் தாண்டியதும் பனைகளுக்கு இடையே காற்று உப்பாக வர ஆரம்பிக்கும். மண்டபத்தில் சாலை கடலை ஒட்டி வந்துவிடும். ருகையா பீவி போனை மடியில் இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

சாலைப் பாலத்தில் ஏறியதும் இடது பக்கம் புதிய ரயில் பாலமும் அதன் நடுவே மேலே தூக்கும் பகுதியும் தெரிந்தன. வண்டியை மெதுவாக்கினார் முனியசாமி.

“பழைய பாலத்த மூடுனப்ப எனக்கு நல்ல ஓட்டம்மா. ரயிலு இந்தப் பக்கமே நின்னுரும். சனம் அம்புட்டும் மூட்டை முடிச்சோட எறங்கி நிக்கும். நாங்கதான் ரோட்டு வழியா அங்கன கொண்டு போய் விடுவோம்.”

ருகையா பீவி ரயில் பாலத்தின் பக்கம் திரும்பினார்.

“நம்ம வீட்ல அவுகளுக்கும் அப்படித்தான்” என்றார். “எல்லாப் பேச்சும் மண்டபம் வரைக்கும் வந்து எறங்கி நிக்கிது.”

மூளை மின்முனை என்ன செய்யப் பார்க்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. பாலத்தைத் திரும்பக் கட்ட அது முயலவில்லை. இந்தக் கரையிலேயே பயணிகளை ஏற்றி வேறு வழியில் அந்தக் கரை சேர்க்கப் பார்க்கிறது. இப்போது அவரிடம் இருப்பது ஒரே ஒரு சிறு வண்டி, கண். ஒரு தடவைக்கு ஓர் எழுத்துதான் ஏறும்.

ஜெனிட்டாவின் வீடு பாம்பனில் கடற்கரைத் தெருவில். வாடைக் காற்றில் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டிருந்தன. அவர் ஜன்னலை மூடி, கணினியின் ஒலிபெருக்கியை அணைத்து, ருகையா பீவியின் காதில் ஹெட்போனை மாட்டினார்.

“நான் கேக்க மாட்டேன் உம்மா. எனக்குத் திரையில கோடுதான் தெரியும். இரைச்சல் இல்லாம இருக்கான்னு கோட்டப் பாத்தே சொல்லிருவேன்.”

“கோட்டுல பேச்சு தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“சத்தியமா?”

“மாதா சத்தியமா.”

ருகையா பீவி கேட்க ஆரம்பித்தார். முதல் பதிவிலேயே கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “இது வேணாம்.” அடுத்தது. “இதுவும் வேணாம்.” அடுத்ததற்குச் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தார். “வேணாம், வேணாம்.” நஸ்ரின் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் ருகையா பீவிக்குத் தன் குரல் உரக்க ஒலிப்பது தெரியவில்லை. “இதக் கொடுத்தா ஹஜ்ரத்து எந்திரிச்சுப் போயிருவாக!” என்று அவர் சொன்னது அடுத்த வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

பிறகு ஒரு பதிவை முழுக்கக் கேட்டார். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டார்.

“இது பரவாயில்ல” என்றார். “கஞ்சி காய்ச்சுனத சொல்றாக. அடிப் பிடிச்சிருச்சாம். எந்திரிச்சு இன்னொருத்தர் கஞ்சியக் கேட்டா வெக்கமா இருக்குன்னு அதையே குடிச்சாகளாம்.” பிறகு, “இத நஸ்ரின் கேக்கலாம்” என்று ஹெட்போனைக் கழற்றி மகளிடம் நீட்டினார்.

நஸ்ரின் கேட்டார். அந்தக் குரலில் தன் வாப்பா பேசி அவர் கேட்டது அதுதான் முதல் முறை என்று பிற்பாடு சொன்னார். அவருக்கு வந்ததெல்லாம் கத்திச் சொன்னவைதான்.

மதியத்துக்குள் கொடுக்கத் தகுந்த பதிவுகள் சில தேறின. ஒரு குரலைக் கணினிக்குப் பழக்கச் சில நிமிடத் தெளிவான பேச்சு இருந்தாலே தொடங்கிவிடலாம் என்றார் ஜெனிட்டா. அடக்கிப் பேசியதில் மூச்சுதான் அதிகம், தொண்டை ஒலி குறைவு. கத்திய பதிவுகளிலிருந்து ஒலியையும் இதிலிருந்து நடையையும் எடுத்துச் சேர்க்க வேண்டும், நாளாகும் என்றும் சொன்னார். சில நாள் என்று சொல்லி மூன்று வாரம் ஆனது. அதன் பலன்தான் நேற்று மாலை வந்த ‘நஸ்ரின்’.

அவர்களிடம் விடைபெற்று நான் இராமேஸ்வரம் போனேன். பாம்பனிலிருந்து பதினொரு கிலோமீட்டர். மாலையில் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காசி போய் வந்த ஒரு குடும்பம் வெண்கலச் செம்பில் கடல்நீர் மொண்டுகொண்டிருந்தது. அலையே இல்லாத கடல். மறுநாள் காலை ரயிலில் புதிய பாலத்தின் வழியே மதுரை திரும்பினேன். பாலத்தில் ரயில் நிதானமாகப் போகும். கேமராவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளத் தேவையில்லை, நேரம் இருக்கிறது.

பயணம் முழுக்க ஒரு விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூளை மின்முனையைப் பற்றிய செய்திகள் எல்லாம் கருவியிலேயே தொடங்கிக் கருவியிலேயே முடிகின்றன. கருவி நல்லதுதான். நடுக்குவாதத்துக்கு மூளையின் ஆழத்தில் மின்முனை வைத்து நடுக்கத்தை அடக்குவது நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளிலேயே நடக்கிறது. வலிப்பு வரப்போவதை மோப்பம் பிடித்து உடனே ஒரு துடிப்பைக் கொடுத்து அதைத் தடுக்கும் கருவி வெளிநாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. பார்வை இழந்தவர்களுக்கு ஒளிப்புள்ளிகளை உணர்த்தவும், முதுகெலும்பு முறிந்தவர்களை எழுப்பி நிறுத்தவும் முயல்கிறார்கள். பேச்சு ஆய்வுகள் சிலவற்றில் நோயாளியின் பழைய பதிவுகளைக் கொண்டு அவருடைய குரலையே மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ருகையா பீவி பொறுக்கிக் கொடுத்தவை இந்த நிக்காஹோடு முடிந்துவிடாது. என்றைக்காவது மின்முனை கீழக்கரைக்கு வந்தால், அது எடுத்துத் தரும் சொற்களுக்கு அணிவிக்க அவர் குரல் தயாராக இருக்கும்.

இதே நிலையில் வீட்டில் ஒருவர் இருந்தால், என்னைவிட ஜெனிட்டா சொன்னதைக் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளரைச் சீக்கிரம் பாருங்கள். ‘பேச்சே வராதவருக்கு எதற்கு’ என்று தள்ளிப்போட வேண்டாம். பழைய குரல் பதிவுகளைப் போன் மாற்றும்போது தொலைத்துவிடாதீர்கள். ஆம் இல்லை கேள்விகள் வசதியானவை, ஆனால் அவற்றில் பதிலை நாமே முன்கூட்டி எழுதிவிடுகிறோம். நாளுக்கு ஒரு கேள்வியாவது, எவ்வளவு நேரம் ஆனாலும், அவரே முடிக்கும்படி கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு மூளைச் சிப் பொருத்துவதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது ஆய்வு நிலை. முறையான ஆய்வில் சேர்பவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது.

வெறும் சுற்றுலாவாகப் போகிறவர்களுக்கு: தை, மாசி மாதங்கள் நல்லவை. கீழக்கரையில் தொதல் என்ற அல்வா போன்ற இனிப்பை வாங்காமல் வராதீர்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள், காவலர்கள் விரட்டுவார்கள், காற்றும் தள்ளும்.

இனித் தெரிய வேண்டியவை மூன்று. மின்முனை எப்போது நம் மருத்துவமனைகளுக்கு வரும் என்று நான் கேட்ட நரம்பியல் மருத்துவர் எந்த வருடத்தையும் சொல்ல மறுத்துவிட்டார், நானும் சொல்லவில்லை. கணினிக் குரலைத் தந்தையின் சொல்லாக ஏற்கலாமா என்ற கேள்வி பெரியவர்களிடம் இருக்கிறது. இருபத்தேழாம் கிழமைக்குள், அதாவது நோன்பு மாதத்தின் இருபத்தேழாம் இரவுக்குள், எழுத்தில் பதில் வரும் என்று ஹஜ்ரத் நேற்று போனில் சொன்னார். வராவிட்டாலும், ஏற்க முடியாது என்று வந்தாலும் கண்ணின் சைகை இருக்கிறது. செய்யது இப்ராஹிம் சார்பில் வேறு யாரும் பேசப் போவதில்லை, சாச்சாவே விலகிக்கொண்டார். குரலுக்கு அனுமதி வந்தால், அவர் சபையில் அந்த வாக்கியத்தைத் தானே எழுத்தெழுத்தாக எழுதிச் சொல்ல விரும்புகிறார், முன்கூட்டிப் பதிந்து வைத்ததை ஓடவிட அவருக்குச் சம்மதமில்லை. இப்போதைய வேகத்தில் அதற்கு ஒரு மணி நேரம் வரை ஆகும். மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு நேரமானாலும் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

மூன்றாவது, நிக்காஹ் தேதி: பெருநாள் கழிந்து எட்டாம் நாள். என்ன தேதி என்று நஸ்ரினிடம் கேட்டேன். பிறை தெரிந்ததும் சொல்கிறேன் என்றார்.